முகட்டுக்கு இந்தப் பக்கம்

கடலூரில் இயங்கும் ஒரு மலைநடை மன்றத்தின் பதிவில், விருத்தாசலம் அமுதவள்ளியின் பெயருக்கு எதிரே 'நடையின் நடுவே சொல்லாமல் விலகியவர்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அது தவறு. அவள் சொல்லிவிட்டுத்தான் விலகினாள். யாரிடம் சொன்னாள், எந்த இடத்தில் சொன்னாள், அப்போது பக்கத்தில் நின்றது யார் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்ல முடியும். ஆனால் அவள் விலகிய காரணம் விளங்க வேண்டுமானால், அவள் நடக்கத் தொடங்கிய காரணத்திலிருந்து வருவதுதான் முறை.

அமுதவள்ளிக்குச் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை. வீட்டு மின்பலகைகளில் மாட்டும் பீங்கான் பியூஸ் கட்டைகள் செய்கிற சிறிய கம்பெனி. நெய்வேலி வெள்ளைக் களிமண்ணை அச்சில் அழுத்தி, காயவைத்து, சூளைக்கு அனுப்புமுன் ஒவ்வொரு கட்டையையும் பூச்சுநீரில் முக்கி எடுக்க வேண்டும். முக்கி எடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க ஒரே தொட்டி, ஒரே இடம். நிமிர்ந்தால் எதிரே ஆஸ்பெஸ்டாஸ் தடுப்பு. மகள் இளமதி ஒன்றாம் வகுப்புப் போகத் தொடங்கிய வருடம் அந்தத் தொட்டியின் முன் வந்து நின்றவள், மகள் படிப்பு முடித்துப் புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அங்கேயேதான் நின்றாள்.

ஊருக்குப் பழைய பெயர் பழமலை. ஆனால் சுற்றிச்சுற்றிப் பார்த்தாலும் மலையைக் காணோம். இருந்த மலை பூமிக்குள் அழுந்திவிட்டது என்பார்கள். மணிமுத்தாற்று மணலும் கரும்புக் கொல்லையும் முந்திரித் தோப்புமாகத் தட்டையாகக் கிடக்கிற இந்த ஊரில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, நாற்பது வயதுவரை அவள் ஒரு மலையையும் கிட்டப் பார்த்ததில்லை. ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் பாசஞ்சரில் போனபோது, சின்னசேலம் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலில் கல்வராயன் மலை வந்தது. வந்தது என்றுதான் அவள் சொல்வாள். நீலமாக, நீளமாக, ரயிலோடு கூடவே வந்தது. மலையின் மேற்கோடு ஓரிடத்தில் தாழ்ந்து, மறுபடி எழும்பிப் போயிற்று. அந்தத் தாழ்ந்த இடத்தில் போய் நின்றால் அந்தப் பக்கம் என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு விழுந்தது. கல்யாணத்தில் என்ன சாப்பிட்டாள் என்பது அவளுக்கு நினைவில்லை. அந்த நினைப்பு மட்டும் போகவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகவே கிளம்பினாள். ரயில், பிறகு அடிவாரத்துக்கு ஒரு பஸ். இளமதியின் பழைய பள்ளி அட்லஸையும் செல்போன் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் கோடு ஓடை, எந்தக் கோடு பாதை என்று அவளாகவே படித்துக்கொண்டிருந்தாள். அடிவாரத்திலிருந்து ஒரு பாதை மேலே ஏறுகிறது. பாதி மலையில் ஒரு பாறைத் திட்டு. அதன்மேல் கூரையில்லாத சிறு கோயில், பாறையம்மன். ஆடி மாதம் தவிர அங்கே பூசாரி இருக்கமாட்டார். அந்தக் கோயில்வரை யாரும் போகலாம். அதற்கு மேல் காப்புக்காடு. அவள் ரயிலில் பார்த்த தாழ்ந்த முகடு அந்தப் பாறையிலிருந்து நேர் எதிரே, கை நீட்டினால் எட்டுமோ என்பதுபோல் தெரிந்தது. எட்டவில்லை. எதிர்ப்பட்ட வனக்காவலர் மரியாதையாகத்தான் பேசினார். "தனியா விட முடியாதும்மா. கரடி இருக்குது. அனுமதி வாங்கின குழுவோட வந்தா கூட்டிட்டுப் போவாங்க."

முழங்கால் வரை செம்மண்ணும் கையில் முள் கீறலுமாகத் திங்கட்கிழமை வேலைக்கு வந்தவளைப் பார்த்து, பக்கத்துத் தொட்டித் தங்கம்மாள் எங்கே போய் வந்தாள் என்று கேட்டாள். மலைக்கு என்றாள் அமுதவள்ளி.

"எந்தக் கோயிலு?"

இந்த ஊரில் நடை என்றால் அதற்கு ஒரு கோயில் இருக்க வேண்டும். சமயபுரத்துக்கு நடக்கிறார்கள், வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையைச் சுற்றி நடக்கிறார்கள். வேண்டுதல் இருந்தால் எழுபது வயதுக்காரியும் வெறுங்காலோடு நாட்கணக்கில் நடக்கலாம். ஊரே மோர் கொடுத்து அனுப்பும். வேண்டுதல் இல்லாமல் ஒரு பொம்பளை நடந்தால் அவளுக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்று பொருள். அமுதவள்ளி பாறையம்மன் பெயரைச் சொன்னாள். அங்கே அந்தக் கோயில் இருந்ததால் அது பொய்யில்லை. என்ன வேண்டுதல் என்று அடுத்த கேள்வி வந்தது. "சொல்லக் கூடாது" என்றாள். வெளியே சொன்ன வேண்டுதல் பலிக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. இளமதியின் கல்யாணத்துக்காக இருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். வீட்டில் கணவன் மாணிக்கவேலும் அப்படியே நினைத்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். விடிகாலையில் அவளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, "ஆத்தாகிட்ட டீசல் வெலயையும் கொஞ்சம் சொல்லிட்டு வா" என்பான்.

அவளுக்கு வேண்டுதல் எதுவும் இருக்கவில்லை. நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பொய்யை ஊர் நம்பிவிட்டால் அதற்குக் கால் முளைத்துவிடுகிறது. தங்கம்மாளுக்கு அப்போது முட்டிவலி. அச்சில் பிதுங்கி மிஞ்சிய களிமண்ணில் விரலளவு ஒரு கால் பிடித்து, சூளை டிராலியின் மூலையில், பியூஸ் கட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். மற்ற ஊர்களில் வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் வாங்கி உண்டியலில் போடுவார்கள். செராமிக்காரர்கள் எதற்காகக் கடைக்குப் போக வேண்டும்? வெந்து வெள்ளையாக வந்த அந்தக் காலை அமுதவள்ளியிடம் கொடுத்து, ஆத்தா காலடியில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். வைத்தாள். சில வாரத்தில் முட்டிவலி குறைந்தது. அரசு ஆஸ்பத்திரி மாத்திரையும் நடுவில் இருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு தொட்டில் வந்தது. கண் வந்தது. வீடு கட்டுகிறவர் ஒரு குட்டி வீடு செய்து கொடுத்தார். சூப்பர்வைசர் முதலில் திட்டினார். பிறகு அவரும் ஒரு நாள் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு சின்ன இதயத்தைக் கொண்டுவந்து நீட்டினார். ஆறு வருடத்தில் பாறையம்மன் முன்னால் வெள்ளைப் பீங்கான் ஒரு குவியலாகிவிட்டது. வெயில் படும்போது அடிவாரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். ஆடு மேய்க்கிற மலைக்காரர்கள் அவளைப் பீங்கான்காரம்மா என்றார்கள்.

இதில் அவள் மனம் பட்ட பாட்டை வேறு யாரும் அறியமாட்டார்கள். தனியாக நடக்கிறாள் என்று பெயர். பையில் பத்துப் பேருடைய கையும் காலும் இருக்கும். பாறையம்மனைச் சேர்ந்ததும் ஒவ்வொன்றையும் அவரவர் பெயர் சொல்லி வைப்பாள். பிறகு முகட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மேலே போய் வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புல்வெளி என்றார் ஒருவர், அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம் என்றார் இன்னொருவர், மலைக்கு அப்பால் மலையும் அதற்கு அப்பால் இன்னொரு மலையும் என்றாள் ஆடு மேய்க்கிற பெண். ஏறுகிற பூமி ஏறுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமாக இறங்கத் தொடங்கும் அந்த ஒரு அடி இடம் எப்படி இருக்கும் என்பதுதான் அமுதவள்ளிக்குத் தெரிய வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகும். எழுந்து இறங்கிவிடுவாள்.

மன்றத்தைக் கண்டுபிடித்தது இளமதி. வருடத்தில் ஒரு முறை, கோடைக்கு முன்பு, அந்த முகட்டைத் தாண்டி நடக்க அவர்கள் வனத்துறை அனுமதி வாங்குகிறார்கள் என்று செல்போனில் காட்டினாள். சேர்வதற்கு மருத்துவச் சான்று, இரண்டு புகைப்படம், உறுதிமொழி, சந்தா. அமுதவள்ளி எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு மற்றதை அனுப்பினாள். மகள் ஷூ வாங்கிக் கொடுத்தாள். மாணிக்கவேல் அந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மன் கோயிலுக்குச் செருப்புப் போட்டுப் போகிற முதல் பக்தை இவள்தான் என்றான்.

அனுமதி நடைக்கு முன்பு பழகுவதற்காக வெள்ளாற்றங்கரையில், சேத்தியாத்தோப்புப் பக்கம், ஒரு காலை நடை வைத்தார்கள். மன்றத்தின் செயலாளர் கோகுலகிருஷ்ணன், கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், விசில் ஊதி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். வரிசை குலையக் கூடாது, இருவர் இருவராக நடக்க வேண்டும், அவருக்கு முன்னால் யாரும் போகக் கூடாது. நடந்தவர்கள் வழிநெடுகப் பேசினார்கள், படம் எடுத்தார்கள், நின்றார்கள். அமுதவள்ளிக்குக் கால் தன்போக்கில் போகாமல் கயிறு கட்டியதுபோல் இருந்தது. தனியாக நடக்கும்போது காதில் விழும் தன் மூச்சுச் சத்தத்தை அவள் தேடினாள்.

ஆனால் அங்கே ஒன்று நடந்தது. அவளோடு ஜோடியாக நடந்தவள் அன்புக்கரசி, சிதம்பரத்தில் நர்ஸ். புளிச்சோற்றைப் பிரித்து இவளுக்குப் பாதி வைத்துக்கொண்டே, "நீங்க எதுக்குக்கா நடக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"சும்மாதாங்க" என்றாள் அமுதவள்ளி.

"நானும் சும்மாதான்" என்று அன்புக்கரசி ஊறுகாயைத் தேடத் தொடங்கிவிட்டாள். ஆறு வருடத்தில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. வீடு திரும்பும் பஸ்ஸில் அமுதவள்ளி அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள். மன்றத்தில் நூறு விதி இருக்கலாம். என்ன வேண்டுதல் என்று கேட்கும் விதி இல்லை.

அனுமதி நடைக்கு நாள் குறித்தார்கள். அவள் மலைக்குப் போகிறாள் என்பது தொழிற்பேட்டையில் எப்படியும் தெரிந்துவிடும். இது கோயில் நடை இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் முந்தைய ஆறு வருடத்தையும் சொல்ல வேண்டும். வழக்கம்போல் டிராலி மூலை நிறைந்தது. பாதை பாறையம்மனைத் தொட்டுத்தானே போகிறது, போகிற போக்கில் வைத்துவிடலாம் என்று அவளும் வாங்கிக்கொண்டாள். அவள் அறிந்த பாதை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை தங்கம்மாள் கடைசியாக வந்தாள். அவள் பேத்திக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயது. அரசுத் திட்டத்தில் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் புதன்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள். தங்கம்மாள் துணியைப் பிரித்தாள். உள்ளே ஒரு காது. புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிது. மடலின் மடிப்பும் மடிப்புக்குள் குழியுமாக அச்சாக இருந்தது.

"தூங்குறப்ப பக்கத்துல படுத்துப் பாத்துப் பாத்துப் புடிச்சேன் வள்ளி. வலது காதுதான். டாக்டரு வலதுலதான் வெக்கிறாராம்."

அவள் அதை நகத்தால் தட்டிக் காட்டினாள். கணீரென்றது. சூளையில் கீறல் விட்ட பீங்கான் தட்டினால் மந்தமாகப் பேசும். நன்றாக வெந்தது மணிபோல் பேசும். செராமிக்காரர்கள் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார்கள்.

ஞாயிறு காலை அடிவாரத்தில் வேன் நின்றது. பனி விலகிக்கொண்டிருந்தது; தாழ்ந்த முகட்டின்மேல் முதல் வெயில். வனத்துறை வழிகாட்டி முன்னால், அவரோடு கோகுலகிருஷ்ணன், பின்னால் வரிசை. பாதி வழியில் அமுதவள்ளி இதுவரை கவனித்திராத ஒரு பிரிவு வந்தது. வலது பக்கம் அவளுடைய பழைய பாதை. வழிகாட்டி இடது பக்கம் திரும்பினார். ஓடையை ஒட்டிப் போகிற வேட்டைப் பாதை அது. பாறையம்மனை அது தொடவில்லை.

அவள் முன்னால் போய், பதினைந்து நிமிடம் கொடுத்தால் கோயிலில் வைத்துவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொள்வதாகக் கேட்டாள். கோகுலகிருஷ்ணன் கெட்ட மனிதர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய வருடம் படம் எடுக்க ஒதுங்கிய ஓர் உறுப்பினரைச் சாயங்காலம் வரை தேடியிருக்கிறார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் அனுமதியே கிடையாது என்று அவருக்கு எச்சரிக்கை வந்திருந்தது. "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்மா. எறங்கி வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார். இறங்குவது மலையின் மறுபக்கம், வேறு ஊரில், வேன் அங்கே வந்து காத்திருக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

அமுதவள்ளி வரிசைக்குத் திரும்பினாள். இடது பாதையில் ஏறினாள். இதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. மரங்கள் குட்டையாகிப் புல் தொடங்கியது. அவள் அறிந்த மலைதான், ஆனால் இந்தக் காற்று வேறு. மேலேயிருந்து, அந்தப் பக்கத்திலிருந்து, முகட்டைத் தாண்டி வருகிற காற்று. அதில் ஏதோ ஈரத்தின் வாசனை. மூன்றாவது வளைவில் முகடு முழுதாகத் தெரிந்தது. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குக் கிட்டே. அரை மணி நடையில் அவள் அங்கே நிற்கலாம்.

அவள் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் பைக்குள் பீங்கான்கள் ஒன்றோடொன்று உரசின. துணியில் சுற்றியும் அடங்கவில்லை. எல்லாம் நன்றாக வெந்த சரக்கு. அவற்றுக்கு நடுவே மெல்லிசாக ஒரு கணீர். அது எது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு அம்மன்மேல் பெரிய நம்பிக்கை என்று சொல்வதற்கில்லை. ஆனால் தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் படுத்து ஒருத்தி பார்த்துப் பார்த்துப் பிடித்ததை, பையில் போட்டுக்கொண்டு மலையின் மறுபக்கம் இறங்கி, திங்கட்கிழமை அவள் பக்கத்துத் தொட்டியில் போய் எப்படி நிற்பது? வைத்துவிட்டேன் என்று சொல்லலாம். வேண்டுதல் இருக்கிறது என்று சொன்னதுபோல இதையும் சொல்லலாம். அந்தப் பொய் அவளோடு போகிற பொய், இது அப்படியில்லை.

அவள் வரிசை முழுவதையும் கடந்து முன்னால் போனாள். கோகுலகிருஷ்ணன் வழிகாட்டியோடு திரும்பும் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்புக்கரசி அவருக்கு இரண்டடி பின்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், நான் கோயிலுக்குப் போறேன். அப்படியே கீழ எறங்கிடுவேன். என்னைத் தேட வேணாம். சொல்லிட்டுத்தான் போறேன்."

அவர் திரும்பாமலே கையை அசைத்தார். தலையும் அசைந்தது. அதை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பாறையம்மன் முன்னால் அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். காதை மட்டும் குவியலில் போடாமல், அம்மன் கல்லின் வலப்பக்கமாக, தனியாக வைத்தாள். பேத்தியின் பெயரைச் சொன்னாள். பிறகு திரும்பி உட்கார்ந்தாள். அன்றைக்குப் பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. வெகுநேரம் கழித்து முகட்டின்மேல் முதல் புள்ளி தோன்றியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வரிசை. அவர்கள் தாழ்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள். யாரோ ஒருவர் கையை ஆட்டினார். அவளை நோக்கித்தானா என்று தெரியவில்லை. அவளும் ஆட்டினாள். பிறகு புள்ளிகள் கால், இடுப்பு, தலை என்று ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் அமிழ்ந்து போயின. கடைசிப் புள்ளி போன பிறகும் அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைவுக்கு மேலே தலைகளை எண்ணியபோது ஒன்று குறைந்ததாம். கூப்பிட்டுப் பார்த்து, காத்திருந்து, முகட்டில் நிற்க வேண்டிய நேரத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிற்றாம். புகார் பல பேரிடமிருந்து வந்தது. செவ்வாய்க்கிழமை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது, சொல்லாமல் விலகியதால் உறுப்பினர் நீக்கம் என்று. அமுதவள்ளி தேதி, இடம், சொன்ன சொல் எல்லாவற்றையும் குறிப்பிட்டுப் பதில் எழுதினாள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டாள். பதில் இல்லை.

"மணவாளநல்லூருக்குப் போயி கொளஞ்சியப்பர்கிட்ட ஒரு பிராது கட்டிட வேண்டியதுதானே" என்றான் மாணிக்கவேல். நீதி கிடைக்காதவர்கள் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருகிற கோயில் அது. "எதிரி பேரு, எதிரி ஊரு, எல்லாம் உன்கிட்டதான் ரெண்டு ரெண்டா இருக்குதே."

அவள் சிரித்தாள். கட்டவில்லை. கோகுலகிருஷ்ணன்மேல் பிராது கட்டி ஆகப்போவது என்ன? முகடு அவர் கையிலா இருக்கிறது?

அன்புக்கரசி தனியாகப் போனில் கூப்பிட்டாள். அமுதவள்ளி சொன்னது தன் காதில் விழுந்தது என்றும், செயலாளருக்குப் பயந்து, தேடியபோதும் குழுவிலும் அதைச் சொல்லாமல் இருந்துவிட்டதாகவும் வருத்தப்பட்டாள். பாறைமேல் வெள்ளையாக மின்னியதையும் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்ததையும் முகட்டிலிருந்து பார்த்துக் கையாட்டியது அவள்தான். அந்தப் பக்கத்தை நிறையப் படம் எடுத்திருக்கிறேன், அனுப்பட்டுமா என்று கேட்டாள்.



"அனுப்பாதீங்கம்மா" என்றாள் அமுதவள்ளி. "எப்படி இருந்துதுன்னும் சொல்லாதீங்க."

ஆபரேஷன் நடந்தது. கருவியை இயக்கிப் பார்க்க இன்னும் சில வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். தங்கம்மாள் தினமும் பேத்தியின் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதாகவும், டாக்டர் திட்டுவதாகவும் சொன்னாள்.

பிறகு ஒரு வாரக் கடைசியில், சூளை அடுக்கும் நேரத்தில், அமுதவள்ளி தொட்டியை விட்டு நகர்ந்து ஒரு பிடி களிமண் எடுத்தாள். ஆறு வருடம் எல்லோருடையதையும் சுமந்தவள், தனக்கென்று ஒன்றும் பிடித்ததில்லை. ஒரு நீளமான மேடு பிடித்தாள். அதன் முதுகில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் தாழ்த்தினாள். தங்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னா இது, எருமை முதுகாட்டம்? யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உனக்குதான் ஏற்கெனவே ஒரு வேண்டுதல் இருக்குதே. அது பலிக்காமயே அடுத்ததா?"

அமுதவள்ளி ஆறு வருடத்துக்கு முன்பு சொன்ன அதே பதிலைச் சொன்னாள். சொல்லக் கூடாது என்றாள். இந்த முறை அது உண்மை. பிறகு கையிலிருந்ததைப் பார்த்தாள். களிமண் சூளையில் வேகும்போது சுருங்கும். பச்சையாக வைத்த அளவு வெளியே வராது. இன்னொரு கிள்ளு எடுத்து, மேட்டின் இரு பக்கமும் வைத்து அழுத்தி, கொஞ்சம் பெரிதாக்கி, டிராலியின் மூலையில் இடம் பார்த்து வைத்தாள்.